வெளிநாட்டு விமான டிக்கெட்: இப்பவே போடலாமா, காத்திருக்கலாமா? காரைக்கால் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

"டிக்கெட் இப்பவே போட்டுடலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?" வெளிநாட்டுப் பயணம் முடிவானதும் எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி இதுதான். காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவ கிராமமான பட்டினச்சேரியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் கையில் காசு புழங்காது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து வைக்க வேண்டிய நேரமும் அதுதான். அவசரப்பட்டு எடுத்தால் கடன், தள்ளிப்போட்டால் விலை உயர்வு. இதில் எது லாபம்?

ஒரே விமானம், ஏன் பல விலை?

ரயிலில் கணக்கு எளிது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன் தொடங்குகிறது. சாதாரண ரயில்களில் முதல் நாள் எடுத்தவருக்கும் பிறகு எடுத்தவருக்கும் ஒரே கட்டணம்தான்.

விமானத்தில் அப்படி இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் சுமார் 11 மாதங்களுக்கு முன்பே விற்பனையைத் தொடங்கிவிடும். ஒரே எகானமி வகுப்பு இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். எதிர்பார்த்த வேகத்தில் விற்காவிட்டால் மூடிய அடுக்கை மறுபடி திறப்பதும் உண்டு. விலை ஏறி இறங்குவதன் ரகசியம் இதுதான்.

அரசு உச்சவரம்பு வைக்காதா?

1994-ல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் ரத்தான பிறகு, கட்டணத்தை விமான நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரையும், 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டமாக ரத்தானபோதும் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. ஆனால் இரண்டுமே உள்நாட்டு விமானங்களுக்கு மட்டும். வெளிநாட்டு டிக்கெட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

திருச்சியா, சென்னையா?

காரைக்கால்காரர்களுக்குப் பக்கத்தில் உள்ள பன்னாட்டு விமான நிலையம் திருச்சி. அங்கு புதிய முனையம் 2024 ஜனவரி 2-ல் திறந்து வைக்கப்பட்டு, ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் போன்ற நகரங்களுக்கு நேரடி விமானங்கள் உள்ளன.

கட்டடம் பெரிதானாலும், வெளிநாட்டு நிறுவனங்கள் நினைத்த ஊருக்கெல்லாம் பறக்க முடியாது. எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. எமிரேட்ஸ் சென்னைக்கு வருகிறது, திருச்சிக்கு வருவதில்லை. போட்டி குறைந்த இடத்தில் கடைசி நேர விலை வேகமாக ஏறும். அதனால் திருச்சி விலையைப் பார்க்கும்போதே சென்னை விலையையும் பார்ப்பது நல்லது. கார் வாடகை, சாப்பாடு, ஒரு நாள் அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

எந்த மாதம் விலை எகிறும்?

கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதுதான் முக்கியம். வளைகுடா நாடுகளில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். ஜூன் கடைசியில் குடும்பங்கள் ஊருக்கு வரும், ஆகஸ்ட் கடைசியில் திரும்பும். அதனால் ஆகஸ்ட் இறுதியில் இங்கிருந்து துபாய் போகும் டிக்கெட் விலை அதிகம். அதே டிக்கெட் ஜூலை தொடக்கத்தில் குறைவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. ஊருக்கு ஆள் ஏற்றி வந்த விமானம் திரும்பும்போது இருக்கைகள் காலியாக இருக்கும் என்பதே காரணம்.

பிரான்ஸ் பயணத்துக்கும் இதே கதைதான். 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வாரிசுகள் காரைக்காலிலும் உண்டு, பாரிஸிலும் உண்டு. அங்கு கோடை விடுமுறை ஜூலை தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை. சொந்தபந்தம் மொத்தமும் வந்து திரும்பும் அந்த வாரங்களைத் தவிர்த்து, செப்டம்பர் நடுவிலோ அக்டோபரிலோ போனால் செலவு குறையும்.

எத்தனை நாளைக்கு முன் எடுப்பது?

எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரு தேதி கிடையாது. பொதுவான அளவுகோல் இப்படி:

• சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, சாதாரண மாதங்கள்: 1 முதல் 2 மாதம் முன்பு
• ஐரோப்பா, சாதாரண மாதங்கள்: 2 முதல் 4 மாதம் முன்பு
• பள்ளி விடுமுறை, டிசம்பர், பொங்கல்: 4 முதல் 6 மாதம் முன்பு
• கடைசி இரண்டு வாரம்: விலை குறையும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது

"செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் போட்டால் மலிவு" என்பதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டிக்கெட் வாங்கும் கிழமையைவிட, பறக்கும் கிழமைதான் விலையை மாற்றும். வெள்ளி, ஞாயிறை விட்டு வார நடுவில் பறந்தால் பல நேரம் குறையும்.

கடன் வாங்கி முன்கூட்டியே எடுக்கலாமா?

ஒரு உதாரணம். நாலு பேர் குடும்பம், ஒரு டிக்கெட் 45,000 ரூபாய். மொத்தம் 1,80,000. நாலு மாதம் தள்ளிப்போட்டால் ஆளுக்கு 5,000 ஏறும் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் 20,000.

நகையை வைத்து ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் நாலு மாத வட்டி 7,200. கடன் வாங்கி இப்பவே எடுப்பது லாபம். அதுவே மூணு ரூபாய் வட்டி என்றால் 21,600. மிச்சப்படுத்தியதை வட்டியே விழுங்கிவிடும். கந்துவட்டிக்கு வாங்கி 'மலிவு டிக்கெட்' எடுப்பதில் அர்த்தமே இல்லை.

விசா வரும் முன் எடுக்கலாமா?

பெரிய இழப்பு நடக்கும் இடம் இது. பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விசா விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும். விசா மறுக்கப்பட்டால் டிக்கெட் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. எனவே முதலில் விசா, பிறகு டிக்கெட். அதற்கு வழியில்லாதபோது, கொஞ்சம் கூடுதல் கொடுத்தாவது ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டை எடுப்பது பாதுகாப்பு.

வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அது இல்லாமல் டிக்கெட் மட்டும் கையில் இருந்தால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்?

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. 'ரீஃபண்ட் இல்லை' என்ற டிக்கெட்டிலும் விமான நிலைய வரிகளைத் திருப்பித் தர வேண்டும். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் அவர்கள் நாட்டு விதிகள் பொருந்தும். புகாரை ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யலாம்.

டிக்கெட்டை நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் கூடுதல் கட்டணமின்றி மாற்றும் வசதியும் 2025-ல் இருந்தது. இதை 48 மணி நேரமாக்கும் வரைவை டி.ஜி.சி.ஏ. 2025 நவம்பரில் வெளியிட்டது. பயண நாள் மிக அருகில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. பணம் கட்டும் முன் அன்றைய விதியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அப்போ முடிவு என்ன?

தேதி மாறாத பயணம், விசா கையில், வட்டியும் குறைவு என்றால் இப்பவே எடுத்துவிடலாம். தேதி தள்ளிப்போக வாய்ப்பிருந்தால், விலை அறிவிப்பு வரும் வசதியைப் போனில் போட்டுவிட்டு, மேலே சொன்ன காலத்துக்குள் பட்ஜெட்டுக்கு வந்ததும் எடுக்கலாம். எடுத்த பிறகு விலையைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருத்தப்படுவதில் பயனில்லை. அதற்குப் பதில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, லக்கேஜ் எத்தனை கிலோ என்பதைச் சரிபார்ப்பது நல்லது. எழுத்துப் பிழையும், கவுன்டரில் கட்டும் கூடுதல் எடைக் கட்டணமும் மலிவாக எடுத்த டிக்கெட்டின் லாபத்தை ஒரே நிமிடத்தில் காலி செய்துவிடும்.