சலவை இயந்திரத்துக்கு ஒரு வடிகட்டி: சுற்றுச்சூழல் அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்றத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் துணிகள் ஒவ்வொரு சலவையிலும் இழை உதிர்க்கின்றன. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான இந்தத் துணுக்குகள் நெகிழியே. பருத்தி இழையைப் போல மக்கிப்போவதில்லை. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் வெளியேறக்கூடும் என்று பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டனர். பாலியெஸ்டர்-பருத்திக் கலப்பில், அதாவது பள்ளிச் சீருடைகளில் பரவலாகக் காணும் துணி வகையில், அது ஏறத்தாழ 1 லட்சத்து 38 ஆயிரம்.

புதுத்துணி முதல் சில சலவைகளில்தான் அதிகம் உதிர்க்கும். நீரின் அளவும் முக்கியம். மென்துணிகளுக்கான சலவை முறையில் துணிக்கு நீர் கூடுதலாகச் சேர்வதால் உதிர்வும் கூடுகிறது என்று நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் காட்டியது. இயந்திரத் தொட்டியில் இருக்கும் வலைப்பை திரண்ட பஞ்சைத்தான் பிடிக்கும். தலைமுடியைவிட மெல்லிய இழைகள் அதன் கண்ணிகளில் நழுவிச் சாக்கடைக்குப் போய்விடும்.

இந்தியாவுக்கு உரிய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நன்றாக இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் பெரும்பாலான இழைகளைத் தடுத்துவிடும். ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 மதிப்பீட்டின்படி, நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீரில் சுத்திகரிக்கப்பட்டது 20,236 மில்லியன் லிட்டர் மட்டுமே. மிச்சம் ஆற்றுக்கும் ஏரிக்கும் கடலுக்கும் நேராகப் போகிறது. நிலையத்தில் தடுக்கப்பட்ட இழைகளும் மறைந்துவிடுவதில்லை; அவை கசடில் தங்கி, கசடு எருவாகும்போது வயலுக்குச் சென்று சேர்கின்றன. ஆகவே இழையைப் பிடிக்க ஏற்ற இடம் சலவை இயந்திரம்தான்.

இது நடக்கக்கூடியதே. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி சவுண்ட் என்னும் சிற்றூரில் 97 வீடுகளின் இயந்திரங்களுக்கு வடிகட்டி பொருத்தினர். சாக்கடை இணைப்புள்ள வீடுகளில் இது பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் சுத்திகரித்து வெளியேறிய நீரில் இழைகள் 41 சதவீதம் குறைந்தன.

சட்டத்தின் கதை வேறு. 2025 ஜனவரி முதல் புதிய இயந்திரங்களில் வடிகட்டி வேண்டும் என்று பிரான்ஸ் 2020-இலேயே சட்டம் இயற்றியது. அதற்கான விதிமுறைகள் வராததால் குறித்த நாளில் அது நடைமுறைக்கு வரவில்லை. கலிஃபோர்னியாவில் இதேபோன்ற மசோதாவை, மக்களுக்குச் செலவு கூடும் என்று கூறி, ஆளுநர் 2023-இல் நிராகரித்தார். செலவு பற்றிய கவலை நியாயமானதே. அதற்காகத்தான் வடிகட்டி, இயந்திரம் தயாராகும் ஆலையிலேயே பொருத்தப்பட வேண்டும். தனியாக வாங்கிப் பொருத்துவது எல்லோராலும் இயலாது.

அமைச்சகம் முதலில் செய்ய வேண்டியது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்துடன் சேர்ந்து வடிகட்டியின் கண்ணி அளவையும் சோதனை முறையையும் வரையறுப்பது. கட்டாயமாக்கும் தேதி அதன் பிறகு வரட்டும். வடிகட்டியில் சேரும் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் அத்தனையும் மறுபடி சாக்கடைக்கே போகும். அதை உலர்குப்பையில் போட வேண்டும் என்ற குறிப்பு, மாநில மொழிகளில், இயந்திரத்தின் மேலேயே அச்சிடப்பட வேண்டும்.