மேசைமேல் ஒரு நாடு

நாட்டின் அடையாளத்தைக் காட்டும் ஓவியம் என்றவுடன் கொடியும் ஊர்வலமும் தலைவர்களின் உருவங்களுமே பலர் மனத்தில் தோன்றுகின்றன. வீட்டு மேசையையும் அதன்மேல் இருக்கும் பழங்களையும் ஒருவர் தீட்டினால், அதை வெறும் அழகுப்படம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது சரியான பார்வை ஆகாது.

சிங்கப்பூரர் பலரும் அறிந்த ஓவியம், சுவா மியா டீ தீட்டிய 'தேசிய மொழி வகுப்பு'. அது 1959இல், சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டில் உருவானது. அதில் மேடையோ ஊர்வலமோ இல்லை. ஓர் அறையில் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் மலாய்மொழி கற்கிறார்கள். கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

இக்கேள்விகளைத் தம் வாழ்க்கையிலேயே எதிர்கொண்டவர் ஜோர்ஜெட் சென். 1906இல் பிறந்த அவர், நியூயார்க்கிலும் பாரிசிலும் ஓவியம் பயின்றார். 1951இல் பினாங்குக்கு வந்தார். பின்னர்ச் சிங்கப்பூரில் குடியேறி, நன்யாங் நுண்கலைக் கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். மலாய் கற்றுக்கொண்டு, 'சென்டானா' என்ற மலாய்ப் பெயரையும் சூட்டிக்கொண்டார். அதன் பொருள் சந்தன மரம். தமிழ்ச் சொல்லோடு அதற்குள்ள உறவு காதுக்கே புலப்படும்.

பிரெஞ்சு ஓவியர் செசான் ஆப்பிள் பழங்களைத் தீட்டிப் புகழ்பெற்றவர். அந்த நவீன பாணியைக் கற்ற சென், இங்கு ரம்புத்தானைத் தீட்டினார். 'இனிய ரம்புத்தான்கள்' என்னும் அவரது ஓவியம் 1965ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பருவம் வந்தால் பை நிறைய வாங்கி, தோலை உரித்து உண்டு மறந்துவிடும் பழம் அது. அன்றாடம் காண்பதால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. முடி அடர்ந்த அந்தச் சிவப்புத் தோலை, பிற நாடுகளில் வாழ்ந்துவிட்டு வந்தவர் நின்று நிதானமாகப் பார்த்தார்.

பழத்தைத் தீட்டினால் அது நாட்டின் ஓவியமாகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுற்றுலா அஞ்சலட்டைகளிலும் ரம்புத்தான் உண்டு. ஆனால், அஞ்சலட்டை வெளியூராருக்காக அச்சிடப்படுவது. சென் தீட்டியதோ, தாம் வாழ முடிவு செய்த ஊரின் அன்றாட உணவை. அவர் தம் பழைய வேர்களையும் மறைக்கவில்லை. 1960களில் அவர் தீட்டிய மற்றொரு மேசை ஓவியம் சீனர்களின் நிலா விழாவைக் காட்டுகிறது. மலாய்ப் பெயர் ஏற்றவரின் மேசையில் மூன்கேக்கும் இருந்தது, ரம்புத்தானும் இருந்தது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் எடுத்து வைக்கவில்லை.