பகிரங்க ஏலமா, இரகசிய ஏலமா?

அரசாங்கம் தனக்கு வேண்டாத பொருட்களையும், எவரும் உரிமை கோராத பொருட்களையும் "பகிரங்க ஏலத்தில்" விற்பதாகச் சொல்கிறது. பகிரங்கம் என்றால் என்ன? பத்துத் தரகர்களின் செவிக்கு மட்டும் எட்டும் செய்தி பகிரங்கமாகுமா? கந்தோர்ச் சுவரில், கதவு மறைக்கும் இடத்தில் ஒட்டப்படும் ஒரு தாள் பகிரங்கமாகுமா? நாம் கேட்கிறோம், பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.

துறைமுகத்திலே தீர்வை செலுத்தி மீட்கப்படாத சரக்குகளைச் சுங்கத் திணைக்களம் விற்கிறது. அதற்குரிய சட்டம் 1869ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. திணைக்களங்கள் ஆண்டுதோறும் தம் பொருட்களை எண்ணிச் சரிபார்த்து, உதவாதவை எனக் கழித்தவற்றை விற்கின்றன. நீதிமன்றங்கள் பறிமுதல் செய்த உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏலத்துக்கு வருகின்றன. இவற்றுள் கமக்காரனுக்கு வேண்டிய நீரிறைக்கும் இயந்திரம் உண்டு. வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் வேண்டிய அலுமாரியும் மின்பிறப்பாக்கியும் உண்டு. கடை விலையில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கக்கூடியவை பல. ஆயினும் வாங்குகிறவர் யார்?

வழக்கமாக வரும் கூட்டத்தாரே வாங்குகின்றனர். ஐந்து வியாபாரிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் கேட்பார், மற்ற நால்வரும் வானத்தைப் பார்ப்பார்கள். சுத்தியல் விழுகிறது. பிறகு தேநீர்க் கடையிலே அவர்களுக்குள் இரண்டாவது ஏலம் நடக்கிறது. அரசாங்கம் பெற்ற விலைக்கும் தேநீர்க் கடை விலைக்கும் இடையிலுள்ள பணம் ஐவருக்கும் பங்காகிறது. அது யாருடைய பணம்? வரி செலுத்தும் நம்முடைய பணம்! பிரித்தானியாவில் வியாபாரிகள் இவ்வாறு கூட்டுச் சேர்வதை 1927ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டமியற்றிக் குற்றமாக்கினார்கள். அங்கும் கூட்டு அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பது வேறு கதை. என்றாலும் அது களவு என்று சொல்வதற்காவது அங்கே ஒரு சட்டம் இருந்தது.

2022ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது துவிச்சக்கரவண்டி பொன்னாயிற்று. அதே வேளையில் உரிமை கோரப்படாத எத்தனை வண்டிகள் காவல் நிலையங்களின் பின்புறத்தில் மழையில் நனைந்து இரும்புக் குப்பையாகின! காலத்தில் விற்றிருந்தால் அரசாங்கத்துக்குப் பணம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வண்டி. துருப்பிடித்த பின் விற்றால் பழைய இரும்புக்காரனுக்கு மட்டுமே இலாபம். தாமதம் என்பது அதிகாரிகளின் சோம்பல் மட்டுமன்று. சிலருக்கு அது நல்ல வியாபாரம்.

அறிவிப்பதற்கு வசதி இல்லை என்பார்கள். 2025ஆம் ஆண்டில் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்கள் விலைக்கு விடப்பட்ட செய்தி நாட்டின் எந்த மூலைக்கு எட்டவில்லை? மனமிருந்தபோது அறிவிக்க முடிந்தது. 1987ஆம் ஆண்டு முதல் தமிழும் அரச கரும மொழி. அப்படியிருக்க, சிறு ஏலங்களின் நிபந்தனைகளைத் தமிழில் அச்சிட ஏன் கை வருவதில்லை? கிளிநொச்சிக் கமக்காரன் நிபந்தனை விளங்காமல் கையொப்பமிட்டு முற்பணத்தை இழக்க வேண்டுமா?

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. ஏலம் என்றால் தரகன் வேலை என்று ஒதுங்கி நிற்பதை விடுங்கள். பொருளைப் பார்வையிட அனுமதிக்கும் நாளிலேயே போங்கள்; இயந்திரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். "இருந்தபடியே" விற்கப்படும் பொருளில் பின்னர் குறை கண்டால் முறையிட இடமில்லை. வாகனமானால் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் பத்திரமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவு செய்ய முடியாத வாகனம் எவ்வளவு மலிவாயினும் உதிரிப்பாகக் குவியலே. உச்ச விலையை வீட்டிலேயே தீர்மானியுங்கள். பெருந்தொகுதியாக விற்கப்படுமிடத்தில் தனியாக நின்று பயனில்லை; சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். சங்கமாகக் கேட்பதும் கூட்டுத்தானே என்பாருண்டு. வெளிப்படையாகச் சேர்ந்து விலையை உயர்த்துவது வேறு; மறைவாகச் சேர்ந்து விலையை அமுக்குவது வேறு.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. கடந்த ஏலத்தில் விற்கப்பட்டவை எவை, அவற்றுக்கு இடப்பட்ட மதிப்பு எவ்வளவு, கேட்டவர் எத்தனை பேர், போன விலை என்ன? இந்த நான்கு கேள்விகளையும் தமிழிலேயே எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கமக்காரர் அமைப்புகள் ஒவ்வொன்றும் இம்மாதமே எழுதட்டும். வரும் பதில்களை நமக்கு அனுப்புங்கள். மதிப்பையும் போன விலையையும் பக்கத்திற் பக்கமாக வைத்து இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.