பத்தாயிரம் வெள்ளியை எடுத்தது தவறா?

"அந்த நேரத்தில் இபிஎப் பணத்தை எடுக்காமல் இருந்திருக்கலாம்." கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனையோ வீடுகளில் இன்றும் எழும் பேச்சு இது. சொல்பவர் பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா. கேட்கும் பிள்ளை அப்போது தொடக்கப்பள்ளியிலோ இடைநிலைப்பள்ளியிலோ படித்துக்கொண்டிருந்தது. இப்போது எஸ்.பி.எம். எழுதவோ பல்கலைக்கழகத்தை முடிக்கவோ தயாராகிக்கொண்டிருக்கிறது.

இதை வெறும் குடும்பக் கதையாகக் கேட்டுவிட்டு மாணவர்கள் எழுந்துபோய்விடக் கூடாது. பெற்றோரின் ஓய்வுக்காலச் சேமிப்பில் விழுந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பு, இன்னும் சில ஆண்டுகளில் வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளின் தோளில்தான் ஏறும்.

நடந்தது என்ன?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வேலையும் வருமானமும் நின்றுபோன குடும்பங்களுக்கு உதவ, ஊழியர் சேமநிதி வாரியத்தின் சேமிப்பைத் திறந்துவிட அரசாங்கம் முடிவு செய்தது. முதலில் வந்தது ஐ-லெஸ்தாரி. இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை, 12 மாதங்களுக்கு எடுக்க முடிந்தது. அடுத்து வந்த ஐ-சினார், முதலாம் கணக்கையே திறந்தது. அதில் 100,000 வெள்ளிக்கு மேல் இல்லாதவர்கள் 10,000 வெள்ளி வரை எடுக்கலாம். 2021 ஜூலையில் ஐ-சித்ராவின் வழி 5,000 வெள்ளி வரை கிடைத்தது. 2022 ஏப்ரலில் சிறப்பு மீட்பாக மேலும் 10,000 வெள்ளி வரை எடுக்க அனுமதி தரப்பட்டது.

இந்த நான்கு திட்டங்களின் வழி 81 லட்சம் பேர் எடுத்த மொத்தத் தொகை 14,500 கோடி வெள்ளி. முதல் மூன்று திட்டங்களுக்குப் பிறகே, 55 வயதுக்குட்பட்ட சந்தாதாரர்களில் 61 லட்சம் பேரின் கணக்கில் 10,000 வெள்ளிகூட இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

மலேசியர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஆஸ்திரேலியாவும் அதே காலத்தில் 10,000 டாலர் வரை இருமுறை எடுக்க அனுமதித்தது. சிலி நாட்டில் ஓய்வூதியச் சேமிப்பு மூன்று முறை திறந்துவிடப்பட்டது. ஆகவே, "நம் இனத்தாருக்குச் சேமிக்கத் தெரியாது" என்று தலையில் அடித்துக்கொள்வதில் பொருளில்லை. சம்பளம் நின்றுபோனால் எந்த நாட்டு மனிதனும் கைக்கு எட்டும் பணத்தைத்தான் எடுப்பான்.

ஒரே தொகை, மூன்று முடிவுகள்

எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே தவற்றைச் செய்தார்களா? இல்லை. 10,000 வெள்ளியை எடுத்த மூன்று வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

முதல் வீட்டில் வேலை போய்விட்டது. பணம் வாடகைக்கும் அரிசிக்கும் போனது. இதைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பணம் இல்லையென்றால் அந்தக் குடும்பம் ஆலோங்கிடம் போயிருக்கும்.

இரண்டாம் வீட்டில் 10,000 வெள்ளி கிரெடிட் கார்டு கடன் இருந்தது. அதற்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி, அதாவது ஏறக்குறைய 1,800 வெள்ளி. இபிஎப்பில் அதே பணம் ஆண்டுக்கு 500 முதல் 600 வெள்ளிதான் ஈட்டியிருக்கும். கடனை அடைத்துவிட்டு மீண்டும் கார்டைத் தேய்க்காமல் இருந்தவருக்கு இது லாபக் கணக்கு.

மூன்றாம் வீட்டில் சம்பளம் நிற்கவில்லை. "எல்லாரும் எடுக்கிறார்கள், நாமும் எடுப்போம்" என்று எடுத்தார்கள். பணம் புதிய கைப்பேசியாக மாறியது, அல்லது "மூன்று மாதத்தில் இரட்டிப்பு" என்று ஆசைகாட்டியவரின் கைக்குப் போனது. வருத்தப்பட வேண்டியது இந்த வீடுதான்.

கண்ணுக்குத் தெரியாத விலை

மூன்றாம் வீட்டார் முட்டாள்கள் அல்லர். எடுக்கும் நேரத்தில் அதன் விலை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வங்கிக் கணக்கில் 10,000 வெள்ளி ஏறியதைப் பார்த்தார்கள். இழந்தது எவ்வளவு என்பதை யாரும் காட்டவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான சேமிப்புக்கு இபிஎப் அறிவித்த லாப ஈவு 2021இல் 6.10 விழுக்காடு, 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30. 2021 தொடக்கத்தில் எடுக்காமல் விட்ட 10,000 வெள்ளி, 2024 இறுதியில் ஏறக்குறைய 12,535 வெள்ளியாகியிருக்கும். எடுத்தவருக்கு அப்போது 25 வயது என்றால், ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் 55 வயதில் அது 43,000 வெள்ளியைத் தாண்டும். வழக்கமான சேமிப்புக்குச் சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச 2.5 விழுக்காடு மட்டுமே கிடைத்தாலும், 30 ஆண்டுகளில் அது இரு மடங்காகிவிடும். அந்த இளைஞர் எடுத்தது 10,000 வெள்ளி அன்று. தம் 55ஆம் வயதின் 43,000 வெள்ளி.

இப்போது முடிவு உங்கள் கையில்

கோவிட் காலத் திட்டங்கள் முடிந்துவிட்டன. ஆனால் அதே கேள்வி உங்களுக்காக வேறு வடிவில் காத்திருக்கிறது. 2024 மே 11 முதல் இபிஎப் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்கிற்கும், 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்கிற்கும் போகிறது. கடைசிக் கணக்கிலிருந்து எந்தக் காரணமும் சொல்லாமல், எந்த நேரத்திலும், குறைந்தது 50 வெள்ளி எடுக்கலாம்.

உங்கள் முதல் சம்பளம் 2,000 வெள்ளி என்று வையுங்கள். உங்கள் பங்கு 220 வெள்ளி, முதலாளியின் பங்கு 260 வெள்ளி, ஆக 480 வெள்ளி. இதில் மூன்றாம் கணக்கிற்குப் போவது 48 வெள்ளி. ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவு போலத் தோன்றும். சம்பளமே உயராவிட்டாலும், 30 ஆண்டுகள் அதைத் தொடாமல் விட்டால், 5 விழுக்காட்டில் ஏறக்குறைய 38,000 வெள்ளி சேரும். நீங்கள் போட்டது அதில் பாதிகூட இல்லை, 17,280 வெள்ளிதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 240,000 வெள்ளியாக இருந்த அடிப்படைச் சேமிப்பு இலக்கு, 2026 முதல் படிப்படியாக 390,000 வெள்ளிக்கு உயர்த்தப்படுகிறது. உங்கள் தலைமுறை எட்ட வேண்டிய கோடு பெற்றோருடையதைவிட உயரத்தில் இருக்கிறது.

எடுப்பதா, நிரப்புவதா?

அப்படியென்றால் எடுக்கவே கூடாதா? அப்படியில்லை. உண்மையான நெருக்கடிக்குத்தான் அந்தக் கணக்கு. பெற்றோரின் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்தால், தவறு எடுத்த நாளில் மட்டும் நடக்கவில்லை என்பது புரியும். எடுப்பதற்கு முன், இரண்டு மூன்று மாதச் செலவுக்குத் தனிச் சேமிப்பு இல்லை. எடுத்த பின், நிலைமை சீரானபோதும் திரும்பப் போடவில்லை. மாதம் 100 வெள்ளி போட்டால் 8 ஆண்டு 4 மாதத்தில் 10,000 வெள்ளி நிரம்பிவிடும். குறைந்த சம்பளத்தில் வாடகையும் கார் தவணையும் கட்டும் குடும்பத்திற்கு அதுவும் எளிதல்ல என்பது உண்மை. ஆனால் 20 வெள்ளியில் தொடங்குவதற்கும் தடையில்லை. சம்பளத்தில் பிடிப்பதற்கு அப்பால், விரும்பிய தொகையைத் தாமாகவே செலுத்தவும் இபிஎப்பில் வழி இருக்கிறது. டெக்சி ஓட்டுநர், சிறு வியாபாரி போன்ற சுயதொழில் செய்வோருக்கு ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே இலவச ஆலோசனை வழங்குகிறது.

இனி வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால், "ஏன்ப்பா எடுத்தீங்க?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ஏற்கனவே வருந்துபவரை மேலும் குறுக வைக்கும். "இப்ப எவ்வளவு இருக்குப்பா? சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெற்றோரின் இபிஎப் ஆண்டறிக்கையை ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நாளை உங்கள் கைப்பேசியில் "50 வெள்ளி எடுக்கவா?" என்ற கேள்வி வரும்போது, அந்த எண்கள் உங்கள் நினைவுக்கு வரும்.