மேன் பக்கமும் காணாமல் போன வரியும்

மக்களே, இந்த வார ஆணி சின்னதுதான். ஆனா நல்லாவே குத்திருச்சு.

ஹன்ஸ்பெல் தெரியும்ல? ஹங்கேரி மொழிக்காகப் பிறந்த எழுத்துப்பிழை திருத்தி. லிப்ரே ஆபிஸ், ஃபயர்பாக்ஸ் ரெண்டுக்குள்ளேயும் இருப்பது அதுதான். அதற்குச் சொற்பட்டியல் செய்வது எப்படின்னு தமிழில் ஒரு மேன் பக்கம் எழுதி, ரூம்மேட் தம்பிகிட்ட கொடுத்தேன். ராத்திரி பூரா உட்கார்ந்தும் பட்டியல் ஏறவே இல்லை. "அண்ணே, நீங்க எழுதினபடிதானே செஞ்சேன்"ங்கறான்.

தப்பு என்னோடது. ".டிக் கோப்பின் முதல் வரியில் சொற்களின் எண்ணிக்கை வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேன் பக்கத்தில் புள்ளியில் ஆரம்பிக்கும் வரி, கட்டளை. அப்படி ஒரு கட்டளையே கிடையாது, அதனால வரியை முழுசா முழுங்கிருச்சு! புள்ளிக்கு முன்னாடி \& போட்டதும் வரி திரும்பி வந்தது.

அப்படியே ஆப்ஷன்களுக்கு முன்னாடி இருந்த - எல்லாத்தையும் \- ஆக்கினேன். இல்லேன்னா சில கணினிகளில் அது வேற கோடா மாறிடும். காப்பி பண்ணி ஒட்டினா வேலை செய்யாது.

பக்கத்தில் எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்லை. அதை நம்பித்தான் மேன்ல திறந்து பார்க்காம விட்டேன். நீங்க விட்றாதீங்க.

தம்பிக்கு இன்னைக்கு டோனர் கெபாப், என் செலவுல.