அங்கே முடவன் முழுக்கு கிடையாது

போன வாரம் காலை நடையின்போது ஒரு நண்பர் கைப்பேசியை நீட்டினார். 'ஐரோப்பிய கிறிஸ்துமஸ் சந்தைகள்: 6 நாள், 5 நகரம். டிசம்பர் 24 இரவு சென்னையிலிருந்து புறப்பாடு' என்று வண்ண விளம்பரம். "பேரனுக்கு அரையாண்டு லீவு. எல்லாருமா போயிட்டு வரலாம்னு இருக்கோம். இந்த அஞ்சுல எந்த ஊர் சார் நல்லா இருக்கும்?" என்றார்.

"ஒண்ணும் இருக்காது. பணத்தைக் கட்டாதீங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நடுவழியில் நின்று விளக்கம் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

நம் மாயவரத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுழுக்கு. அதையும் தவறவிட்ட முடவனுக்காகச் சுவாமி இரங்கி, கார்த்திகை முதல் நாளை முடவன் முழுக்காகக் கொடுத்தார் என்பது நம் ஊர்க் கதை. ஜெர்மனியில் அந்தச் சலுகை கிடையாது. கிறிஸ்துமஸ் சந்தை என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களின் சந்தை. அட்வெண்ட் என்று அவர்கள் சொல்லும் காத்திருப்புக் காலத்துக்கு உரியது. நியூரம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் 24ஆம் தேதி மதியத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள். கொலோன் பேராலயச் சந்தை அதற்கு முதல் நாளே முடிந்துவிடும். அதன் பிறகு பண்டிகை வீட்டுக்குள் போய்விடுகிறது.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஏமாந்துதான் தெரியும். சில வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பயணத்துக்கு நானும் மனைவியும் பணம் கட்டிப் போனோம். 26ஆம் தேதி நியூரம்பர்க் போய் இறங்கினோம். அந்த ஊர்ச் சந்தையைப் பற்றி 1628லேயே எழுத்துச் சான்று இருக்கிறது என்று படித்துவிட்டு ஆவலோடு போனவன் நான். அங்கே சந்தைத் திடலில் ஆட்கள் பலகைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டியைக் கேட்டால், 'சந்தை நடப்பது அந்தந்த நகர நிர்வாகத்தைப் பொறுத்தது' என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைக் காட்டினார். இவ்வளவு தெரிந்து பொடி எழுத்தில் போடுகிறவருக்கு, 24ஆம் தேதியோடு சந்தை முடிகிற சங்கதி தெரியாதா? தெரியும். நமக்கு லீவு எப்போது என்பதும் தெரியும். நம் லீவுக்கு அவர்கள் சந்தையை வளைக்க முடியாது என்பதால் விளம்பரத்தை வளைக்கிறார்கள். இதை வியாபாரத் தந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு, அந்த '5 நகரம்'. கொலோனிலிருந்து நியூரம்பர்க் 400 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து வியன்னா சுமார் 500. டிசம்பரில் அந்தப் பக்கம் சூரியன் காலை எட்டு மணிக்கு வந்து மாலை நான்குக்கெல்லாம் போய்விடும். அந்த எட்டு மணி நேர வெளிச்சத்தையும் பஸ்ஸில் உட்கார்ந்தே கழித்தோம். ஒவ்வொரு ஊரிலும் "ஒண்ணரை மணி நேரம், ஏழு மணிக்கு பஸ் கிளம்பிடும்" என்று விரட்டல். அப்படி ஓடி வரும்போதுதான் பனி உறைந்த கருங்கல் பாவிய தெருவில் என் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எழுபதை நெருங்குகிறவர்களை ஐந்து ஊருக்கு ஓட்டுவதை உல்லாசம் என்று விற்கிறார்கள். நாமும் 'கொடுத்த காசுக்கு அஞ்சு ஊர்' என்று கணக்குப் பார்த்து வாங்குகிறோம். இதில் தப்பு பாதி நம்முடையது.

கை சரியான பிறகு மனைவிதான் சொன்னாள், "ஒரே ஊருக்குப் போவோம். கடை திறந்திருக்கும்போது போவோம்." போனோம். டிசம்பர் முதல் வாரம், நான்கு இரவுகள், டிரெஸ்டன். யார் கேட்டாலும் இன்று நான் சொல்வது அந்த ஊரைத்தான்.

ஏன் அது? அங்கே ஸ்ட்ரீட்சல்மார்க்ட் என்கிற சந்தை 1434இல் தொடங்கியது. ஸ்ட்ரீட்சல் என்பது ஷ்டோலன் என்ற ரொட்டியின் பழைய பெயர். அட்வெண்ட் விரத காலம் என்பதால் ஒரு காலத்தில் அதில் வெண்ணெய் சேர்க்கக் கூடாது. எண்ணெய், மாவு, தண்ணீர் மட்டும். சாக்சனி ஆட்சியாளர்கள் ரோமாபுரிக்கு முறையிட்டு, 1491இல் போப்பாண்டவர் வெண்ணெய்க்கு அனுமதிக் கடிதம் கொடுத்தார். ஒரு பலகாரத்துக்காக அரசர்கள் கடிதப் போக்குவரத்து நடத்திய ஊர்! இப்போது அதில் வெண்ணெய், பாதாம், உலர்ந்த திராட்சை எல்லாம் தாராளம். (திராட்சையை ரம்மில் ஊற வைப்பார்கள். ஆகாதவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும்.)

மரச்சாமான்கள் பக்கத்து எர்ட்ஸ்கெபிர்கே மலைப் பகுதியிலிருந்து வருகின்றன. வெள்ளியும் ஈயமும் தோண்டிய சுரங்கத் தொழிலாளர்கள், தாது வற்றியதும் கடைசல் வேலைக்கு மாறினார்கள். மரத்தை வளையமாகக் கடைந்து, கேக் வெட்டுவதுபோல் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரையாகவோ மாடாகவோ நிற்கும். வேலை போனவர்கள் பிழைக்கக் கண்டுபிடித்த வழி அது. பொம்மைக்கு அடியில் எங்கே செய்தது என்று பார்த்து வாங்க வேண்டும். தூர தேசத்து ஆலைச் சரக்கு எல்லாச் சந்தையிலும் புகுந்திருக்கிறது.

சந்தை நடக்கும் ஆல்ட்மார்க்ட் திடலில் நின்றபோது ஒன்று நினைவுக்கு வந்தது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் மாண்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் குவித்து எரித்த இடம் அதுதான். அதே இடத்தில் இன்று குழந்தைகள் ராட்டினம் சுற்றுகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தால், இடிபாடாகக் கிடந்து 2005இல் மீண்டும் எழுந்த ஃபிரவென்கிர்கே தேவாலயம். ஒன்றரை மணி நேரத்தில் 'பார்த்துவிட்டு' வரக்கூடிய ஊரா இது?

இன்னொரு காரணம் நமக்கே உரியது. டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, ரயிலில் போய் வரும் தூரத்தில், புல்ஸ்னிட்ஸ் என்று ஒரு சிற்றூர். இஞ்சி, பட்டை, கிராம்பு வாசனையோடு 'மிளகுக் கேக்' சுடுவதற்குப் பேர்போனது. பெயரில்தான் மிளகு. அந்த நாளில் தூர தேசத்து வாசனைச் சரக்கு எல்லாமே அவர்களுக்கு மிளகு. அந்த ஊரில் 1682இல் பிறந்தவர்தான் 1706இல் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழில் புத்தகம் அச்சடித்த சீகன்பால்கு. நாம் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் பார்க்கும் புதிய எருசலேம் தேவாலயத்தில் அடக்கமாகியிருப்பவர். மிளகு அங்கே போனது, மனிதர் இங்கே வந்தார். எந்தப் பயண விளம்பரத்திலும் இது இல்லை.

"டிரெஸ்டனுக்கு நேர் விமானம் இல்லையே" என்பீர்கள். பெர்லினிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். "குளிர்?" பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். நாலு மணிக்கே விளக்கு ஏற்றிவிடுவதால் ஏழு மணிக்குள் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பலாம். வயதானவர்களுக்கு இது வசதி. அடிப்பாகம் வழுக்காத செருப்புக்குச் செலவழியுங்கள், கோட்டுக்கு அப்புறம். "சைவம்?" உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழோடு தருவார்கள். சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் உண்டு. வெந்நீர்ப் பதத்தில் தரும் ஒயின் வேண்டாமென்றால் 'கிண்டர்புன்ஷ்' என்று கேளுங்கள், பழரசம். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும்.

பேரனின் லீவை விட்டால் வழியே இல்லை என்பவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். பிராகா பழைய நகரச் சதுக்கச் சந்தை வழக்கமாக ஜனவரி 6 வரை நடக்கும். வியன்னாவில் நகர மண்டபச் சந்தை 26 வரையாவது இருக்கும், ஷோன்ப்ருன் அரண்மனைச் சந்தை அதற்குப் பிறகும் தொடரும். முடவன் முழுக்கு அங்கேதான். ஆனால் பிராகாவில் 'பழைய பொஹீமியப் பலகாரம்' என்று கம்பியில் சுற்றிச் சுடும் டிரடெல்னிக்கை நம்பிவிட வேண்டாம். அது அண்மைக் காலத்தில் சுற்றுலாக்காரர்களுக்காக வந்து குடியேறியது. எங்கே போனாலும் ஒன்றையே தேர்ந்தெடுங்கள், அங்கேயே தங்குங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் பயணத்துக்கு ஜூனில் தொடங்குங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மணிக்கட்டு உடைந்தவளின் புருஷன் சொல்கிறேன், அதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள்.

அந்த நண்பர் இதைப் படிப்பார். சார், விளம்பரம் அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாங்கள் போய் நிற்கும் நாளில் எந்தச் சந்தை திறந்திருக்கும், எழுதிக் கொடுப்பீர்களா?" எழுதிக் கொடுத்தால் போய் வாருங்கள். நான் தோற்றதாக வைத்துக்கொள்கிறேன்.