வெயில் கொளுத்தும் தங்கச்சிமடத்தில் வெந்நீருக்கு கரண்ட் எதுக்கு? சோலார் ஹீட்டரால் லாபம் யாருக்கு?

தங்கச்சிமடம்:

சுற்றிலும் கடல். தலைக்கு மேலே சுட்டெரிக்கும் சூரியன். மதியம் 2 மணிக்கு மொட்டை மாடி டேங்க் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் கொட்டுகிறது. அதே வீட்டில் மறுநாள் விடிகாலை 5 மணிக்கு வாளிக்குள் ஹீட்டர் ராடு தொங்குகிறது. கரண்ட் மீட்டர் கிறுகிறுவென ஓடுகிறது. மாடி இல்லாத வீட்டிலோ வேலிக்கருவை விறகு புகைகிறது.

"இந்த வெயிலை வச்சே தண்ணிய சுட வச்சா என்னப்பா?" என்று கேட்காத ஆள் இல்லை. இதை வைத்துத்தான் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்பவர்கள் ஊர் ஊராக வருகிறார்கள். "ஒரு தடவை மாட்டினால் போதும், கரண்ட் பில்லே வராது" என்று அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா? கணக்குப் போட்டுப் பார்த்தால் சிலருக்கு ரொம்ப உண்மை. பலருக்கு அவ்வளவும் தண்டச் செலவு!

வெயிலுக்குப் பஞ்சமா?

ராமநாதபுரம் சீமையில் வெயிலுக்குக் குறைவே இல்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் தினமும் சராசரியாக 5 யூனிட்டுக்கு மேல் சூரிய சக்தி விழுகிறது. அதனால்தான் நம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் அதானி நிறுவனம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்தது. சுமார் 2,500 ஏக்கர். அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகிலேயே பெரிய சோலார் நிலையம் அதுதான். அந்த மின்சாரம் கம்பி ஏறி எங்கெங்கோ போகிறது. பக்கத்திலேயே இருக்கும் நாம் ஒரு வாளி வெந்நீருக்குச் சுள்ளி பொறுக்குகிறோம்.

கமுதியில் இருப்பது வெயிலைக் கரண்ட் ஆக்கும் தகடு. வாட்டர் ஹீட்டர் வேறு சங்கதி. அதில் கரண்டே கிடையாது. கறுப்புப் பூச்சு பூசிய கண்ணாடிக் குழாய்கள் வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். மோட்டாரும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். மேலே இருக்கும் தொட்டியைச் சுற்றி பஃப் என்கிற நுரை அடைத்திருப்பதால், சாயங்காலம் சூடான தண்ணீர் மறுநாள் காலை வரை பெரிதாக ஆறாது.

ஒரு வாளிக்கு கால் யூனிட்

இப்போது கணக்குக்கு வருவோம். மார்கழி விடிகாலையில் டேங்க் தண்ணீர் 26 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். 15 லிட்டர் வாளிக்கு இந்தச் சூட்டை ஏற்ற ஏறக்குறைய கால் யூனிட் கரண்ட் ஆகும். வீட்டில் 4 பேர் என்றால் நாளைக்கு 1 யூனிட். 2 மாத பில்லில் 60 யூனிட்.

இந்த 60 யூனிட்டின் விலை எல்லா வீட்டுக்கும் ஒன்றா? இல்லை. அங்கேதான் சூட்சுமம்!

2016-ல் வந்த உத்தரவுப்படி 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 2024 ஜூலையில் நிர்ணயித்த கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். ஃபேன், லைட், டி.வி. மட்டும் ஓடும் வீடு 130 யூனிட் எரிக்கிறது. வெந்நீரையும் சேர்த்தால் 190. கூடுதல் யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு வீதம் 141 ரூபாய். ஃபிரிட்ஜ், மிக்சி, மோட்டார் என்று 380 யூனிட் எரிக்கும் வீடு 440-க்குப் போனால் சுமார் 350 ரூபாய் ஏறும்.

ஏ.சி. இருக்கிற வீடு கதை தனி. 450 யூனிட்டில் நிற்க வேண்டியது வெந்நீரால் 510 ஆகிவிட்டால் பில் சுமார் 1,500 ரூபாயில் இருந்து 2,100 ரூபாய்க்கு மேல் தாவும். அதே 60 யூனிட்டுக்கு 600 ரூபாய்க்கு மேல்! 500-ஐத் தாண்டினால் 101-ல் இருந்து 200 வரை கிடைத்த சலுகை விலையும் பறிபோகும் என்பதுதான் காரணம். இது தெரியாமல் "மீட்டர்ல கோளாறு" என்று மின்வாரிய ஆபீசில் சண்டை போடுகிறவர்கள் அதிகம்.

70 வருஷம் காத்திருக்க முடியுமா?

100 லிட்டர் சோலார் ஹீட்டர் கம்பெனியைப் பொறுத்து 15 ஆயிரத்தில் இருந்து 25 ஆயிரம் ரூபாய் வரை போகிறது. நடுவாந்தரமாக 20 ஆயிரம் என்று வைப்போம். நம் தீவில் வெந்நீர் தேவைப்படுவது ஐப்பசி அடைமழையில் இருந்து மாசி வரைக்கும்தான். மிஞ்சிப் போனால் 4 மாதம். சித்திரை, வைகாசியில் யார் வெந்நீரில் குளிக்கிறார்கள்? தண்ணீர் ஆறட்டும் என்று இரவு 10 மணி வரை காத்திருக்கிற மாதம் அது.

ஆக, சின்ன வீட்டுக்கு வருஷத்துக்கு மிச்சம் 282 ரூபாய். போட்ட 20 ஆயிரம் திரும்ப 70 வருஷம் ஆகும். பேரன் கையில் கூட முழுசாக வராது! ஏ.சி. வீட்டில் கூட 4 மாதப் பயன்பாட்டுக்கு 15 வருஷத்துக்கு மேல். வருஷம் பூராவும் வெந்நீர் தேவைப்படும் வீட்டில், அதாவது வயசானவர்கள், மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தை இருக்கிற இடத்தில், அதுவும் கரண்ட் 500 யூனிட்டைத் தொடுகிற வீடாக இருந்தால் 5 வருஷத்தில் காசு திரும்பும்.

"100 லிட்டர் ஹீட்டர் வருஷத்துக்கு 1,500 யூனிட் மிச்சம் பிடிக்கும்" என்று நோட்டீசில் போட்டிருப்பார்கள். இது வியாபாரிகள் கிளப்பிவிட்ட பொய் இல்லை, மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையே சொல்லி வந்த கணக்குதான். ஆனால் அந்த 100 லிட்டரையும் நல்ல சூட்டில், வருஷத்தில் 300 நாளாவது முழுசாகச் செலவழிக்கிற வீட்டுக்குத்தான் அது பொருந்தும். ஊட்டிக்கும் பெங்களூருக்கும் சரி. தங்கச்சிமடத்துக்கு எப்படிச் சரிப்படும்?

கேஸ் அடுப்பில் தண்ணீர் சுட வைப்பவர்கள்தான் உண்மையில் அதிகம் இழக்கிறார்கள். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு ஒரு வாளி வெந்நீர் 2 ரூபாய் ஆகிறது. 4 வாளிக்கு நாளைக்கு 8 ரூபாய். மாதம் கால் சிலிண்டருக்கு மேல் குளியலறைக்கே போய்விடுகிறது.

லாட்ஜ்காரர்களுக்கு ஜாக்பாட்

அப்படியானால் சோலார் ஹீட்டர் யாருக்குத்தான் லாபம்? ராமேசுவரம் ரோட்டில் வரிசையாக முளைத்திருக்கும் லாட்ஜ்களுக்கு!

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரெயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ந்தேதி புதுப் பாலம் திறந்து ரெயில் மறுபடி தீவுக்குள் வந்தது. வடக்கே இருந்து வருகிற யாத்திரைக்காரர்கள் விடிகாலை 4 மணிக்கே எழுந்து வெந்நீர் கேட்பார்கள். அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடித் திரும்பினால் உப்புப் போக இன்னொரு குளியல்.

20 ரூம், 40 பேர், ஆளுக்கு 2 வாளி என்றால் நாளைக்கு 20 யூனிட். லாட்ஜ்களுக்கு வணிகக் கட்டணம், யூனிட் 10 ரூபாய்க்கு மேல். ரூம் நிறைந்தால் வருஷத்துக்கு 70 ஆயிரத்தைத் தாண்டும். கீசருக்குள் சூடாகி யாரும் தொடாமல் ஆறிப்போகும் தண்ணீர்க் கணக்கு தனி. 500 லிட்டர் சோலார் அமைப்பு, பைப் வேலையும் சேர்த்து ஒன்று, ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். பாதி ரூம் காலியாகக் கிடந்தாலும் 3, 4 வருஷத்தில் போட்டது வந்துவிடும். மாடியில் இடம் இல்லாத லாட்ஜுக்கு ஹீட் பம்ப் இருக்கிறது. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டது மாதிரி வேலை செய்யும் மிஷின் அது, காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீரில் இறக்கும். கீசரில் ஆகும் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். நம்மூர்க் காற்றில் சூட்டுக்கா குறை?

உப்புக்காற்று விடுமா?

வாங்குவதாக முடிவு செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுரையில் 15 வருஷம் உழைக்கிற சாமான் இங்கே 5 வருஷத்தில் ஓட்டை விழும். ஸ்டாண்ட் சாதா இரும்பு என்றால் இரண்டு மழைக்குத் துரு தின்றுவிடும். நன்றாக நாகமுலாம் பூசியதா என்று பார்க்க வேண்டும். உள் தொட்டி 304 ரக எவர்சில்வர் என்பார்கள். உப்புச்சுவை இருக்கிற போர் தண்ணீருக்கு அது தாங்காது. 316 ரகம் அல்லது உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட தொட்டி கேட்டு வாங்க வேண்டும். விலை கூடத்தான் செய்யும். செம்புக் குழாய் உள்ள தட்டு மாடலில் உப்புத் தண்ணீர் படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் மாடலைக் கழற்றிச் சுத்தம் செய்வது சுலபம்.

கண்ணாடிக் குழாய்க்கு இங்கே இருக்கிற எதிரி தென்னை மரம்! மட்டையோ நெற்றுத் தேங்காயோ விழுந்தால் அவ்வளவுதான். மரத்து நிழல் விழாத, தெற்கு பார்த்த இடமாக இருக்க வேண்டும். புயல் காற்றுக்கு ஸ்டாண்டை காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 1964 புயலைப் பார்த்த தீவுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

விற்பவர் வாய் திறக்காத இன்னொரு செலவு உண்டு. குளிர்ந்த தண்ணீர் டேங்க், ஹீட்டர் தொட்டியை விட உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கும். பல வீட்டில் டேங்க் மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி வைக்க மேடை கட்ட வேண்டும். தண்ணீர் நிரம்பிய ஹீட்டரின் பாரத்தை ஓட்டுக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ தாங்காது. ஆக, கடற்கரை ஓரத்து வீடுகளில் பாதிக்கு இந்தப் பேச்சே கிடையாது.

மானியம் எங்கே போச்சு?

2010-ல் தொடங்கிய தேசிய சோலார் திட்டத்தில் வாட்டர் ஹீட்டருக்கு 30 சதவீதம் வரை மத்திய அரசு மானியம் தந்தது. 2014-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3-க்கு மேல் 78 ஆயிரம் ரூபாய் என்று மானியம் அறிவித்தார்கள். அது கரண்ட் தகடுக்கு மட்டும்தான், வெந்நீர் ஹீட்டருக்குப் பைசா கிடையாது. கர்நாடகத்தில் சோலார் ஹீட்டர் வைத்த வீட்டுக்கு கரண்ட் பில்லிலேயே மாதம் 50 ரூபாய் வரை கழித்தார்கள். இங்கே அப்படி எதுவும் பெரிசாக நடக்கவில்லை.

500 யூனிட் எரிக்கும் சொந்த மாடி வீட்டுக்காரர் ஹீட்டரை விட்டுவிட்டு மானியத்தில் கரண்ட் தகடு போடுவதே மேல் என்பது நம் கருத்து. வெந்நீர் வேண்டாத மாதத்தில் ஹீட்டர் சும்மா கிடக்கும். தகடு ஃபேனுக்கும் ஏ.சி.க்கும் உழைக்கும். 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கும் வீட்டுக்கு இரண்டுமே தேவை இல்லை.

விசைப்படகுக்கு வாரம் 3 நாள் கடல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இந்த வருமானத்தில் 20 ஆயிரம் கடன் வாங்கி மாடியில் தொட்டி ஏற்றச் சொல்வது நியாயமே இல்லை. இரவெல்லாம் நனைந்து விடியலில் கரை ஏறுகிறவருக்கு ஒரு வாளி சுடுதண்ணி வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் டிரம்மை மூடி வைத்து, சாயங்காலம் 4 மணிக்குச் சாக்கும் பழைய போர்வையும் சுற்றிவிட்டால் காலையிலும் வெதுவெதுப்பு இருக்கும். மேற்கொண்டு சுட வைக்க ஆகும் விறகோ கரண்டோ பாதியாகக் குறையும்.

ராடு போடுகிறவர்கள் மட்டும் உஷார். உப்புக்காற்றில் ராடின் பிளக்கும் ஒயரும் சீக்கிரம் அரித்துப் போகும். சூடு பார்க்கத் தண்ணீரில் விரல் விட்டு உயிரை விட்டவர்கள் செய்தி வருஷா வருஷம் வருகிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் வாளியைத் தொட வேண்டும். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று போடக்கூடாது. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்கிற உயிர்காக்கும் சுவிட்ச் மாட்டினால், கசிவு ஏற்பட்ட கணத்திலேயே கரண்ட் கட் ஆகும். 20 ஆயிரம் ரூபாய் ஹீட்டருக்கு ஆகும் செலவில் சின்னப் பகுதிதான் இதற்கு ஆகும்.